ஈறு நோயும் மறதி நோயும்: மறதி வந்த பெரியவரின் வாயைப் பார்த்துக்கொள்ள முழுமையான வழிகாட்டி

மறதி நோய் வந்த ஆச்சிக்கோ தாத்தாவுக்கோ மாத்திரை, குளியல், சாப்பாடு எல்லாவற்றையும் வீட்டார் ஒழுங்காகப் பார்த்துவிடுவார்கள். வாய் மட்டும் விட்டுப்போகும். "பல்லு தேய்ச்சாச்சா?" என்று கேட்டால் "ஆச்சு" என்று பதில் வரும். அதை நம்பி ஆறு மாதம் போய்விடும். கன்னம் வீங்கிய பிறகுதான் பல் மருத்துவரின் நினைவு வரும். அந்த நேரத்தில் பெரியவர் நாற்காலியில் உட்காரவும் மாட்டார், வாயைத் திறக்கவும் மாட்டார்.

கீழே உள்ள வேலைகளில் வரிசைதான் முக்கியம். வரிசையை மாற்றினால் முதல் வாரத்திலேயே முரண்டு தொடங்கிவிடும்.

1. எது உறுதி, எது உறுதியில்லை

ஈறு நோய்தான் மறதியைக் கொண்டுவருகிறது என்று கைபேசியில் சுற்றும் செய்திகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டும் சேர்ந்து காணப்படுவது உண்மை. தைவானில் காப்பீட்டுப் பதிவுகளை வைத்துச் செய்து 2017இல் வெளியான ஆய்வில், 10 ஆண்டுகளாக ஈறு நோய் இருந்தவர்களுக்கு மறதி நோயில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமர் வரும் வாய்ப்பு சுமார் 1.7 மடங்காக இருந்தது. 2019இல் வந்த இன்னொரு ஆய்வு, அல்சைமரால் இறந்தவர்களின் மூளையில் போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற ஈறு நோய்க் கிருமியின் தடயத்தையும், அது சுரக்கும் ஜிஞ்சிபெய்ன் என்ற நச்சுப் பொருளையும் காட்டியது. அந்த நச்சைத் தடுக்கும் மாத்திரையை 643 பேரிடம் சோதித்தார்கள். 2021இல் முடிவு வந்தபோது, மறதி முற்றுவதை அந்த மாத்திரை தடுக்கவில்லை என்று தெரிந்தது.

மறதி வராமல் காக்க மாற்றியமைக்கக்கூடிய காரணங்கள் என்று 2024இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 14 காரணங்களைப் பட்டியலிட்டது. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், புகை, காது கேளாமை, பார்வைக் குறைவு எல்லாம் அதில் இருக்கின்றன. ஈறு நோய் இல்லை. சர்க்கரையும் புகையும் ஈறையும் கெடுக்கும், மூளையையும் கெடுக்கும். மறதி தொடங்கியவர் பல் துலக்குவதை விட்டுவிடுவார், அதனாலும் ஈறு கெடும். எது முன்னே, எது பின்னே என்று பிரிப்பது அதனால்தான் கடினமாக இருக்கிறது.

ஆகவே ஈறைச் சுத்தம் செய்தால் போன நினைவு திரும்பும் என்று யாராவது சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

உறுதியான பயன்கள் வேறு. வாயில் பெருகும் கிருமி எச்சிலோடு மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியா வரும். மறதி முற்றியவர்கள் இறப்பதற்கு அது ஒரு பெரிய காரணம். சர்க்கரை உள்ளவருக்கு ஈறு நோயை முறையாகக் குணப்படுத்தினால், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி மூன்று நான்கு மாதத்தில் ஏறத்தாழ 0.4 சதவீதப் புள்ளி இறங்குகிறது. இதெல்லாம் போக, பல்வலியை வாய்விட்டுச் சொல்ல முடியாதவர் அந்த வலியோடுதான் நாளெல்லாம் இருக்கிறார். அதைப் போக்கினாலே வீடு பாதி அமைதியாகிவிடும்.

2. தொடங்கும் முன் சேர்க்க வேண்டியவை

முதலில் மாத்திரைப் பட்டியல். எல்லா அட்டைகளையும் ஒரு தட்டில் கொட்டி, பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளையும் விட்டுவிடாதீர்கள். இவற்றைத் தனியாகக் குறியுங்கள்:

ஆம்லோடிபின், நிஃபெடிபின், ஃபெனிடோயின். இவை சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். தடித்த ஈறுக்கு அடியில் அழுக்கு சேரும்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின். இவை ரத்தம் உறைவதைக் குறைக்கும் மருந்துகள். பல் பிடுங்கப் போகிறோம் என்று வீட்டாரே நிறுத்துவது பெரும் தவறு. பக்கவாதம் வரலாம். நிறுத்துவதா வேண்டாமா என்பதைப் பல் மருத்துவரும் இதய மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும்.

எலும்புத் தேய்வுக்கான அலெண்ட்ரோனேட் மாத்திரை, சோலெட்ரோனிக் ஆசிட் ஊசி. இவை எடுத்தவருக்குப் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. ஊசி ஆண்டுக்கு ஒருமுறைதான் போடுவார்கள் என்பதால் பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

அமிட்ரிப்டிலின், ட்ரைஹெக்ஸிபெனிடில், ஆக்ஸிபியூட்டினின், தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரைகள். இவை வாயை வறட்டும், நினைவையும் மங்க வைக்கும். மாற்று உண்டா என்று எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அடுத்தது சாமான்கள்:

சிறுவர் பிரஷ் இரண்டு. தலை சிறிதாகவும் நார் மென்மையாகவும் இருக்க வேண்டும். பெரியவர் தானே பிடித்துத் துலக்குகிறவரானால் கைப்பிடியில் சைக்கிள் கைப்பிடி ரப்பரை மாட்டிவிடுங்கள். விரல் பிடிமானம் குறைந்தவருக்குத் தடித்த பிடி எளிது.

ஃப்ளூரைடு உள்ள பேஸ்ட். அட்டையில் 1000 முதல் 1500 பி.பி.எம். வரை எழுதியிருக்க வேண்டும். உமிக்கரி, செங்கல் பொடி, சாம்பல் வேண்டாம். வயதானவருக்கு ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும். வேர் மென்மையானது. கரடான பொடி அதைத் தேய்த்துப் பள்ளமாக்கிவிடும்.

காஸ் துணி, கையுறை, தலையில் மாட்டும் டார்ச், துவர்த்து (துண்டு) ஒன்று, துப்ப ஒரு கோளாம்பி அல்லது அகலக் கிண்ணம். பல் இடைவெளி பெரிதாக இருந்தால் இடைப்பல் பிரஷ். அதன் அளவைப் பல் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். பெரிய அளவைத் திணித்தால் ஈறு கிழியும்.

3. வாயைப் பார்ப்பது

துலக்குவதற்கு முன் வாயைப் பார்க்க வேண்டும். உள்ளே என்ன புண் இருக்கிறது என்று தெரியாமல் பிரஷை வைத்தால் முதல் நாளே வலிக்கும். பிரஷ் என்றால் வலி என்பது மட்டும் அவர் மனதில் தங்கிவிடும். நடந்ததை மறந்தாலும் பயத்தை மறக்க மாட்டார்.

பகல் வெளிச்சத்தில், காப்பி குடித்த பிறகு, நல்ல மனநிலையில் இருக்கும்போது பாருங்கள். திண்ணையோ, பட்டாசல் என்னும் கூடமோ, அவர் வழக்கமாக உட்காரும் இடமே போதும். நேர் எதிரே, அவர் கண் மட்டத்துக்கு உட்காருங்கள். நின்றபடி குனிந்து டார்ச் அடித்தால் மிரளுவார்.

பல்செட்டு இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். புண்கள் பெரும்பாலும் அதன் அடியில்தான் இருக்கும்.

கன்னத்தின் உள்பக்கத்தைப் பாருங்கள். சோற்றுப் பருக்கை, மாத்திரை, வெற்றிலைச் சக்கை அங்கே அதக்கி வைக்கப்பட்டிருக்கும். விழுங்க மறந்துவிடுவதால் வரும் பழக்கம் இது. காலை மாத்திரை மாலையில் கன்னத்தில் கிடப்பதுண்டு.

பிறகு ஈறு. ஆரோக்கியமான ஈறு பல்லை இறுக்கிப் பிடித்திருக்கும், தொட்டால் ரத்தம் வராது. சிவந்து, பளபளப்பாக, பல்லோரத்தில் உப்பியிருந்தால் வீக்கம். விரலால் ஈறை மெல்ல அழுத்தும்போது பல்லோரம் வெள்ளையாகக் கசிந்தால் சீழ். புகைப்பவருக்கு ஈறு நோய் முற்றியிருந்தாலும் ரத்தம் அதிகம் வராது. ரத்தம் இல்லையே என்று நிம்மதி அடைய வேண்டாம்.

பல்லில் கல்லாக இறுகிய அழுக்கான பற்காரை எங்கே அதிகம் படியும் என்று தெரிந்தால் தேடுவது எளிது. கீழ் முன்பற்களின் நாக்குப் பக்கமும், மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப் பக்கமும். எச்சில் சுரப்பிகளின் வாய் அந்த இரண்டு இடங்களுக்கு அருகில் திறக்கிறது. எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்துதான் அழுக்கைக் கல்லாக்குகிறது.

நாக்கின் இரண்டு ஓரமும் அடியும் கடைசி. வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ஆறாத புண் எதுவானாலும் தேதியோடு எழுதுங்கள். இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண்ணைக் கட்டாயம் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வெற்றிலையோடு பாக்கும் புகையிலையும் போட்டவருக்கு இதில் தாமதமே கூடாது. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு மட்டுமே வாய்ப் புற்றை உண்டாக்கும்.

கடித்துவிடுவார் என்ற பயம் இருந்தால் பற்களுக்கு நடுவே விரலை விடாதீர்கள். கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையே விரலை விட்டுக் கன்னத்தை விலக்கினால் போதும்.

4. பல் மருத்துவரிடம் முதல் முறை

மறதி தொடங்கிய முதல் சில மாதங்களிலேயே போய்விடுங்கள். வாயைத் திற என்றால் திறக்கவும், அரை மணி உட்காரவும் முடிகிற காலம் அதுதான். ஆடும் பல், சொத்தை, காரை எல்லாவற்றையும் அப்போதே முடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு ஆண்டு கழித்து அதே வேலைக்கு மயக்க மருந்து தேவைப்படலாம்.

நெல்லைப் பக்கம் இருப்பவர்களுக்கு, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது. அங்கேயே நரம்பியல், மனநலப் பிரிவுகளும் இருப்பதால் ஒரே பயணத்தில் இரண்டையும் பார்த்து வரலாம். வள்ளியூர், பணகுடி பக்கத்தில் இருப்பவர்களுக்குக் காவல்கிணறு பல் மருத்துவக் கல்லூரி அருகில். உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் பல் மருத்துவர் எந்த நாள் இருப்பார் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அம்பாசமுத்திரத்திலிருந்தோ களக்காட்டிலிருந்தோ பஸ்ஸில் கூட்டி வந்து, மருத்துவர் இல்லை என்று திரும்பினால், அடுத்த முறை கிளம்பவே மாட்டார்.

காலைச் சாப்பாடும் மாத்திரையும் முடித்துவிட்டுக் கூட்டிப்போங்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரையோடு வரிசையில் காத்திருந்தால் சர்க்கரை இறங்கி மயங்குவார். பழக்கப்பட்ட ஒருவர் கூடவே இருக்க வேண்டும். மறதி இருப்பதைச் சீட்டு எழுதும் இடத்திலேயே சொல்லி, முன்னே அனுப்ப முடியுமா என்று கேளுங்கள்.

உள்ளே போனதும் மாத்திரைப் பட்டியலைக் கொடுத்துவிட்டு இவற்றைக் கேளுங்கள்: ஈறுப் பை, அதாவது பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள பள்ளம், எத்தனை மில்லிமீட்டர் ஆழம்? 3 வரை சரி, 4 முதல் கவனிக்க வேண்டும். எந்தப் பல்லைக் காப்பாற்ற முடியும், எதைப் பிடுங்குவது நல்லது? அடுத்த சுத்தம் எப்போது? ஈறு நோய் உள்ளவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது வழக்கம்.

இரண்டு பயங்களை இங்கேயே தீர்த்துவிடலாம். பல் கிளீன் செய்தால் பல் ஆடிவிடும் என்பார்கள். காரை பல்லைப் பிடித்து நிறுத்துவதில்லை. அதில் சேரும் கிருமியால் எலும்பு கரைய, கரைந்த இடத்தில் அது உட்கார்ந்திருக்கிறது. அதை எடுத்ததும் இடைவெளியும் ஆட்டமும் வெளியே தெரிகின்றன, அவ்வளவுதான். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்பதும் தவறு. இந்தப் பயத்தால் சீழ் பிடித்த பல்லோடு வருடக்கணக்கில் இருப்பவர்கள் நம் ஊர்ப் பக்கம் நிறையப் பேர்.

மருந்துக் கடையில் "வீக்கத்துக்கு ஒரு செட்டு" கேட்டு வாங்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்த செட்டில் பெரும்பாலும் மெட்ரோனிடசோல் இருக்கும். அது வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தப்போக்கை உண்டாக்கும். வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும். கிராம்புத் தைலத்தை நேரே ஈறில் வைத்தால் ஈறு வெந்துபோகும்.

5. தினமும் துலக்குவது

நாளைக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம். தூங்கும்போது எச்சில் குறைந்து கிருமி பெருகும் என்பதால் இரவு முறைதான் முக்கியம். ஆனால் மறதி நோயில் பலருக்குப் பொழுது சாய்ந்தால் பதற்றம் கூடும். அதனால் படுக்கப் போகும் நேரம் வரை காத்திருக்காமல், இரவுச் சாப்பாடு முடிந்த கையோடு துலக்கிவிடுங்கள். அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும். பாலும் கருப்பட்டிக் காப்பியும் சாப்பாட்டோடேயே முடிந்துவிட வேண்டும்.

இடம் மாற வேண்டாம். ஆயுள் முழுக்கப் புறவாசலில், குழாயடியில் நின்று பல் தேய்த்தவரைக் குளியலறை வாஷ்பேசின் முன் நிறுத்தினால் எதற்கு வந்தோம் என்று அவருக்குப் புரியாது. பழைய இடம், பழைய செம்பு, பழைய நேரம் மூன்றும் கையைத் தானாக வேலை செய்ய வைக்கும். விரலால் பல்பொடி தேய்த்தவரானால் முதலில் விரலாலேயே தேய்க்க விடுங்கள். ஃப்ளூரைடு பேஸ்டை விரலில் வைத்துக் கொடுங்கள். அவர் முடித்த பிறகு "உள்பக்கம் நான் தேய்ச்சு விடுதேன்" என்று பிரஷை எடுங்கள்.

கண்ணாடி எதிரே இருந்தால் கவனியுங்கள். தன் முகத்தையே அடையாளம் தெரியாமல், யாரோ நிற்கிறார்கள் என்று பயப்படுபவர்கள் உண்டு. அப்படியானால் துவர்த்தைப் போட்டு மூடிவிடுங்கள்.

சொல்லும் விதம்தான் பாதி வேலை. "வாயைத் திற" என்பது யாருக்குமே பிடிக்காது. "ஆச்சி, காப்பி ஆறுது. வாயைக் கொப்பளிச்சிட்டுக் குடிப்போம், வாங்க" என்றால் வருவார். ஒரு நேரத்தில் ஒரு சொல்தான்: "உக்காருங்க." உட்கார்ந்த பிறகு "இந்தாங்க, பிரஷ்." பிடித்த பிறகு "மேல." மூன்றையும் சேர்த்துச் சொன்னால் ஒன்றும் நடக்காது.

உட்காரும் நிலை: நாற்காலியில் நிமிர்ந்து, தாடை சற்றுக் கீழே. தலையைப் பின்னால் சாய்த்தால் நுரை தொண்டையில் இறங்கிப் புரையேறும். நீங்கள் பக்கவாட்டில் நின்று, அவர் தலையை உங்கள் தோளில் தாங்குங்கள்.

பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு. துப்பத் தெரியாதவருக்கு ஓர் அரிசி அளவு போதும். நுரை அதிகமானால் மூச்சுத் திணறும்.

பிரஷை 45 டிகிரி சாய்த்து, நாரில் பாதி ஈறிலும் பாதி பல்லிலும் படும்படி வையுங்கள். ஈறு நோய்க் கிருமி பல்லின் நடுவில் இல்லை, பல்லும் ஈறும் சேரும் கோட்டில் இருக்கிறது. அங்கேயே சின்னச் சின்னதாக அசைத்துவிட்டு அடுத்த பல்லுக்கு நகர்த்துங்கள். குறுக்கே வேகமாக இழுப்பது ஈறைத் தேய்க்கும், கோட்டில் உள்ள அழுக்கு அப்படியே இருக்கும்.

கடைவாயின் கன்னப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். முன்பல்லில் தொடங்கினால் உதட்டை இறுக்கிவிடுவார். நாள்தோறும் ஒரே வரிசை: மேல் வலது, மேல் இடது, கீழ் இடது, கீழ் வலது, பிறகு உள்பக்கம். இரண்டாவது பிரஷின் கைப்பிடியைக் கன்னத்தை விலக்கப் பயன்படுத்தலாம். பொறுமை தீர்ந்துவிட்டது என்று தெரிந்தால், கீழ் முன்பற்களின் நாக்குப் பக்கத்தை மட்டுமாவது தேய்த்துவிட்டு நிறுத்துங்கள். மறுநாள் மட்டும், விட்டுப்போன இடத்திலிருந்து தொடங்குங்கள்.

முதல் வாரம் ரத்தம் வரும். ரத்தத்தைப் பார்த்ததும் நிறுத்திவிடுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. வீங்கிய ஈறில் ரத்தம் வரும், அழுக்குப் போனால் வீக்கம் வடியும். இரண்டு வாரத்தில் ரத்தம் குறைய வேண்டும். குறையவில்லை என்றால் ஈறுக்குக் கீழே காரை இருக்கிறது, பிரஷால் அதை எடுக்க முடியாது. ரத்தம் நிற்காமல் ஒழுகினால் அது வேறு விஷயம், உடனே மருத்துவரிடம் போங்கள்.

துலக்கியதும் செம்பு செம்பாகக் கொப்பளிக்க வேண்டாம். துப்பினால் போதும், ஃப்ளூரைடு பல்லில் தங்கும். நம்மவர்களுக்கு இது பழகாது. காறிக் கொப்பளித்தால்தான் சுத்தம் என்று இருப்பவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். ஒரு வாய்த் தண்ணீரோடு விட்டுவிடுங்கள்.

6. மறுக்கும்போது

கையைப் பிடித்து அமுக்கி, மூக்கை மூடி, வாயைத் திறக்க வைப்பதை எந்த நாளும் செய்யாதீர்கள். பல் உடையும், புரையேறும், அடுத்த நாள் உங்களைப் பார்த்தாலே முகத்தைத் திருப்புவார்.

முதலில் வலி இருக்கிறதா என்று பாருங்கள். நேற்று வரை சம்மதித்தவர் இன்று திடீரென்று மறுத்தால், பிடிவாதம் என்று நினைக்காமல் பல்லையோ ஈறையோ சந்தேகப்படுங்கள்.

வலி இல்லை என்றால் விட்டுவிட்டுப் பதினைந்து இருபது நிமிடம் கழித்து வாருங்கள். முந்தையது நினைவில் இருக்காது என்பது இங்கே உதவும். அப்போதும் மறுத்தால் ஆளை மாற்றுங்கள். மகளிடம் முரண்டு பிடிப்பவர் பேரனிடம் மறுபேச்சு இல்லாமல் வாயைத் திறப்பார். மாமனாருக்கு மருமகள் வாயைத் தொடுவது கூச்சமாக இருக்கலாம். அந்த வீட்டில் மகன்தான் செய்ய வேண்டும்.

அவர் கையில் ஒரு பிரஷைக் கொடுத்துவிட்டு இன்னொன்றால் நீங்கள் செய்யலாம். கை சும்மா இருந்தால் உங்கள் கையைத் தட்டும். அல்லது அவர் கையில் பிரஷைக் கொடுத்து, அந்தக் கையின் மேல் உங்கள் கையை வைத்துத் தேய்க்கலாம். தன் கை தன் வாய்க்குப் போவதை உடம்பு எதிர்ப்பதில்லை. எதிரே உட்கார்ந்து நீங்களும் பல் தேய்ப்பது இன்னொரு வழி, பார்த்துச் செய்வார்.

ஒரு நாள் முழுக்க முடியவில்லை என்றால், ஈரக் காஸ் துணியை விரலில் சுற்றி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்துவிடுங்கள்.

7. பல்செட்டு

இரவில் கழற்ற வேண்டும். இரவும் பகலும் போட்டிருந்தால் மேலண்ணம் சிவந்து பூஞ்சை பிடிக்கும், நிமோனியா ஆபத்தும் கூடும்.

சாதாரண சோப்பும் தனி பிரஷும் போதும். பேஸ்ட் கீறிவிடும். வெந்நீர் வளைத்துவிடும், பிறகு வாயில் சரியாக உட்காராது. கழுவும்போது கீழே ஒரு வாளித் தண்ணீரோ துவர்த்தோ இருக்கட்டும், சிமெண்டுத் தரையில் விழுந்தால் இரண்டாகிவிடும். இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில், மூடியுள்ள ஒரே டப்பாவில். காகிதத்தில் மடித்து வைத்தால் குப்பையோடு போய்விடும்.

கம்பி வைத்த சிறிய செட்டு தனிக் கவலை. மறதி முற்றியவர் அதை விழுங்கிவிடலாம். லூசாகிவிட்டால் பசை போட்டு ஒட்டுவதைவிடப் பல் மருத்துவரிடம் சரிசெய்வதோ, போடாமல் விடுவதோ நல்லது.

8. வறண்ட வாய், வெற்றிலை, இனிப்பு

எச்சில்தான் வாய்க்குக் காவல். அது வற்றினால் வேர்ச் சொத்தை சில மாதங்களில் வந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருங்கள், தாகம் என்று அவர் கேட்க மாட்டார். வறட்சிக்கு எலுமிச்சை மிட்டாய் கொடுப்பது புளிப்பாலும் சர்க்கரையாலும் பல்லை அரிக்கும். உதடு வெடித்திருந்தால் துலக்கும் முன் தேங்காய் எண்ணெய் தடவுங்கள், இல்லாவிட்டால் வாயைத் திறக்கும்போது உதடு கிழிந்து வலிக்கும்.

கருப்பட்டி நல்லதுதானே என்று நாலு வேளைக் காப்பியிலும் போடுவார்கள். பல்லைப் பொறுத்தவரை அதுவும் சர்க்கரைதான். அல்வா பல்லோரம் ஒட்டிக்கொண்டு வெகுநேரம் நிற்கும். வேண்டாம் என்று பிடுங்க வேண்டியதில்லை, சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்து வாயைத் துடைத்துவிடுங்கள். இனிப்பின் அளவைவிட எத்தனை முறை வாயில் படுகிறது என்பதுதான் பல்லுக்குக் கேடு.

வெற்றிலை போடும் ஆச்சியிடமிருந்து வெற்றிலைப் பெட்டியான செல்லத்தை ஒரே நாளில் எடுத்தால் வீடு ரணகளமாகும். முதலில் புகையிலை, அடுத்து பாக்கு, பிறகு சுண்ணாம்பு என்று ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். வெறும் வெற்றிலையில் நிற்கட்டும். துப்ப மறந்தவரானால் சக்கையை நீங்கள்தான் எடுக்க வேண்டும். அதை வாயில் வைத்துக்கொண்டே தூங்கினால் புரையேறும்.

9. விழுங்கத் திணறுபவர், படுக்கையில் இருப்பவர்

தண்ணீர் குடித்தால் இருமுகிறார், குரல் களகளவென்று மாறுகிறது என்றால் விழுங்குவதில் சிரமம். இவருக்குக் கொப்பளிக்கத் தண்ணீரோ மவுத்வாஷோ கொடுக்கக் கூடாது.

தலைமாட்டை உயர்த்துங்கள். முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, கன்னத்துக்குக் கீழே துவர்த்தை விரியுங்கள். பிரஷை நனைத்து நன்றாக உதறிவிட்டு, அரிசி அளவு பேஸ்டோடு தேய்த்து, காஸ் துணியால் நுரையைத் துடைத்து எடுங்கள். குழாய் வழியாக உணவு போகிறவருக்கும் இது தேவை. வாயால் சாப்பிடாவிட்டாலும் வாயில் கிருமி வளரும்.

மருத்துவர் சொன்னால் 0.2 சதவீத குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியைக் காஸில் நனைத்து ஈறில் தடவலாம். பேஸ்டுக்கும் அதற்கும் அரை மணி இடைவெளி வேண்டும், பேஸ்டின் நுரைப் பொருள் அதன் வேலையைக் கெடுக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் போனால் பல்லில் கறை படியும், நாக்கில் ருசி மாறும். சாப்பாடு குறையும் பெரியவருக்கு அந்த ருசி மாற்றம் பெரிய இழப்பு.

10. கவனிப்பவரின் ஈறு

ஈறுக்கும் மறதிக்கும் உள்ள தொடர்பில் உண்மை இருக்குமானால், அது இருபது முப்பது ஆண்டுகளாக மெல்ல நடக்கும் வேலை. அந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது நாற்பது ஐம்பது வயதில் இருக்கும் உங்கள் வாயை. துலக்கும்போது ரத்தம் வருவது, பல் நீண்டதுபோலத் தெரிவது, இடையில் சாப்பாடு சிக்குவது, இவை வலியில்லாமலே நடக்கும். சர்க்கரை இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை ஈறுப் பையை அளக்கச் சொல்லுங்கள். ஆலங்குளம், கடையம், முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் நாள் முழுக்கப் புகையிலைத் தூளில் உட்கார்ந்திருக்கிறார்கள். கையைக் கழுவாமல் வாய்க்குக் கொண்டுபோக வேண்டாம், வேலை நேரத்தில் புகையிலை அதக்கும் பழக்கம் இருந்தால் அதை விடுங்கள். பெரியவர் வாயைத் தொடும் முன்பும் கை சுத்தமாக இருக்க வேண்டும்.

11. காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

வலி என்று சொல்ல மாட்டார். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளுவது, ஒரு பக்கமாகவே மெல்லுவது, கன்னத்தில் கை வைத்துக்கொண்டே இருப்பது, இரவில் முனகுவது, முகத்தைத் தொட்டால் அடிக்க வருவது. இவற்றில் எது புதிதாகத் தொடங்கினாலும் இரண்டு நாளுக்குள் வாயைப் பார்த்துப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கன்னமோ தாடைக்குக் கீழேயோ வீங்கி, காய்ச்சலும் வாய் திறக்க முடியாமையும் சேர்ந்தால் அன்றே மருத்துவமனை. நாக்கடி வீங்கி, எச்சில் விழுங்க முடியாமல், மூச்சுத் திணறினால் 108. அந்த வீக்கம் சில மணி நேரத்தில் மூச்சுக்குழாயை அடைத்துவிடும், விடியட்டும் என்று இருக்கக் கூடாது.

ஒன்றிரண்டு நாளில் திடீரென்று குழப்பம் கூடி, ஆளையே தெரியாமல் பேசினால் "மறதி முத்திட்டு" என்று முடிவு கட்டாதீர்கள். மறதி நோய் பொதுவாக அவ்வளவு வேகமாக முற்றாது. சீழ் பிடித்த பல், சிறுநீர்த் தொற்று, நிமோனியா, சர்க்கரை ஏற்ற இறக்கம், புதிதாகத் தொடங்கிய மாத்திரை, விழுந்து தலையில் பட்ட அடி எதுவாகவும் இருக்கலாம். காய்ச்சலையும் சர்க்கரையையும் அளந்து எழுதி, மாத்திரைப் பட்டியலோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். எந்த நாளிலிருந்து மாறினார், வாயில் என்ன பார்த்தீர்கள் என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். வாயை அவரும் பார்க்காமல் விட்டுவிட வாய்ப்பு உண்டு.